ஆயாவின் பிறந்தநாளும் 149 ராண்ட் பர்கரும்

ஆயா பர்கரை இரண்டு கையாலும் தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அடிரொட்டியை மெல்லப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தட்டில் வைத்து, மேலே நாப்கினைப் போட்டு மூடிவிட்டார்.

நாற்பது வருடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துணி பேக்டரியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர் அவர். எந்தச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பார். பர்கரையும் அப்படித்தான் பார்த்தார். நான் நாப்கினை விலக்கிப் பார்த்தேன். காளானுக்கு அடியில், சாஸில் ஊறிப்போன ரொட்டியில், கடுகளவில் கரும்பழுப்பாக மூன்று துணுக்குகள். கல்லில் ஒட்டிக் கருகிய மாட்டிறைச்சித் துகள். காளானைப் புரட்டி எடுக்கும்போது கூடவே வந்திருக்கிறது.

அது 2024 செப்டம்பர் 24. ஆயாவுக்கு அன்று 75 வயது முடிந்தது. புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்து இறங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் இங்கே ஆறேழு தலைமுறை ஓடிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் தமிழ் பேச்சு போய்விட்டது. ஆனால் புரட்டாசி போகவில்லை. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருவில் ஒரு வரி தமிழ் பேச வராத பையன்கூட அந்த மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டான். சில வீடுகளில் சட்டி, கரண்டியைக்கூட மாற்றிவிடுவார்கள். ஆயா அந்த வகை. புரட்டாசியை விடுங்கள், மாட்டிறைச்சியை அவர் ஆயுளில் தொட்டதில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்தில் குளிர்பதனக் கண்டெய்னர் வேலை. பதினோரு வருடமாக ஆயா வீட்டு அவுட்பில்டிங்கில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கட்டி வாடகைக்கு விடுகிற இரண்டு அறைக்கு இங்கே அதுதான் பெயர். வாடகைக்கு வந்தவர்கள் என்பது எப்போதோ மறந்துபோய், பிறந்தநாள் என்றால் நாங்கள் மூன்று பேரும் சேர்த்துத்தான் கணக்கு. ஆயா, அவர் மகள், பேரன், பேரன் மனைவி, நாங்கள் மூவர். ஆக ஏழு பேர்.

அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது பேரன். உம்ஷ்லாங்கா பக்கம் ஒரு பெரிய மாலில் இருக்கிறது. சாதாரண ஃபாஸ்ட் புட் என்று சொல்லிக்கொள்ளாது. பலகையில் 'கௌர்மே', அதாவது உயர்ந்த ரகச் சாப்பாடு, என்று போட்டிருக்கும். செம்பு விளக்கு, செங்கல் சுவர், மரப்பலகையில் சாப்பாடு. சுவர் முழுக்க எழுத்து. ரொட்டி எத்தனை மணி நேரம் புளித்தது, மாடு என்ன மேய்ந்தது, உருளைக்கிழங்கைக் கையாலேயே வெட்டுகிறோம். மெனுவில் காளான் பர்கருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம். பேரன் ஒரு வாரம் முன்பே அந்த மெனுவைப் போனில் திறந்து, இலையைப் பெரிதாக்கி ஆயாவிடம் காட்டினான். "பாருங்க ஆயா, வெஜ்ஜுதான்." ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த இலையை நம்பித்தான் போனோம்.

செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய தினம், விடுமுறை. நாடே அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் நாள். மால் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. தொடுதிரையில் நாமே ஆர்டர் போட்டு, நாமே கார்டைத் தேய்த்து, ஒரு நம்பர் பலகையை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். ஒரு பர்கர் 149 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்). சிப்ஸ் தனி. சாப்பாடு வர நாற்பத்தைந்து நிமிடம். ஆயா மாம்பழ மஞ்சள் நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கழுத்தில் தாலிக்கொடியோடு ஒரு முத்துமாலை. திரைகள் வரிசையாக மின்னும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

துணுக்குகளைப் பார்த்ததும் பேரன் எழுந்து போய், சாப்பாடு கொண்டுவந்து வைத்த பெண்ணை அழைத்து வந்தான். இருபது வயது இருக்கும், சூலு (Zulu) இனப் பெண். "சிசி, இது எந்தக் கல்லில் போட்டது?" என்று கேட்டேன். சிசி என்றால் சகோதரி. அவள் மழுப்பவில்லை. "ஒரே கல்லுதான் சார் இருக்கு. எல்லாத்தையும் அதிலேதான் போடுவாங்க" என்றாள். சிப்ஸ்? கோழி பொரிக்கும் அதே எண்ணெய். அப்படியென்றால் அந்த இலை? உள்ளே வைக்கிற பொருளில் இறைச்சி இல்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தமாம். எதில் சமைக்கிறார்கள் என்பதற்கும் இலைக்கும் சம்பந்தம் கிடையாது. மேனேஜர் வந்தார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை வரும்போது 100 ராண்ட் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வவுச்சர் கொடுத்தார்.

ஆயா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்ல தம்பி, தண்ணி போதும். புள்ளைங்க ஆசையா கூட்டியாந்தாங்க, நீங்க சாப்பிடுங்க" என்றார். நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள். பேரன் தலை குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மட்டும் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சூலுப் பெண்மீது எனக்குத் துளி கோபமும் இல்லை. அந்த வருடம் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27 ராண்ட் 58 சென்ட். அவளுக்கும் அதை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், அவள் தூக்கி வந்து வைக்கிற ஒரு பர்கரை அவளே வாங்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம் நிற்க வேண்டும். அந்தக் கடையில் அன்று உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான். சுவர் பேசவில்லை, மெனு பேசவில்லை.

ஒரு பர்கருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். ஆயாவின் கதை தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

ஆயா பிறந்தது 1949. அவருக்கு நான்கு வயதானபோது, 1953இல், பொது வசதிகளை நிறவாரியாகப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. கடற்கரை, பெஞ்ச், கழிப்பறை, டீ ரூம் எல்லாம் தனித்தனி. அந்தச் சட்டம் போனது 1990இல், ஆயாவுக்கு 41 வயதில். சின்ன வயதில் அப்பாவோடு வெஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளைப் பார்ப்பாராம். உள்ளே வெள்ளைக்காரப் பெண்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நின்று பார்த்தால் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். பசித்தால் இந்தியர்கள் கடை வைத்திருந்த கிரே ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். இதை ஆயா வருத்தமாகச் சொல்லமாட்டார். அந்தக் கேக்கில் செர்ரி எப்படி வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்வார்.

கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குச் சின்ன விஷயமில்லை. பேரனுக்கும் அது தெரியும். அதனால்தான் அவ்வளவு தேடிப் பிடித்தான். அந்தக் கடை எங்களிடம் வாங்கியது 149 ராண்ட் மட்டும் இல்லை, ஆயாவின் 75ஆவது பிறந்தநாளையும் சேர்த்துத்தான். விலை ஏற ஏற, சாதாரண நாளில் யாரும் வரமாட்டார்கள், விசேஷ நாளில்தான் வருவார்கள். இது அந்தக் கடைக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் செம்பு விளக்குப் போடுகிறார்கள். அப்படியானால் இரண்டாவதாக ஒரு வாணலி வைத்திருக்க வேண்டாமா? முடியவில்லை என்றால் இலைக்குக் கீழே, "இறைச்சி சுடும் கல்லில்தான் இதையும் சமைக்கிறோம்" என்று ஒரு வரி எழுத வேண்டாமா? சுவரில் அத்தனை எழுதியவர்களுக்கு இதற்கு இடமில்லையா?

இந்த வகைக் கடைகளில் எனக்கு இது முதல் ஏமாற்றமும் இல்லை. அதற்கு முந்தின வருடம் வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போயிருந்தபோது, உடன் வேலை பார்க்கிறவர்கள் ஒரு 'ஸ்மாஷ் பர்கர்' கடைக்குக் கூட்டிப் போனார்கள். கைமாவை உருண்டையாகப் பிடித்து, நன்றாகக் காய்ந்த கல்லில் வைத்து, கரண்டியால் ஒரே அழுத்து. ஓரமெல்லாம் முறுகிச் சல்லடை மாதிரி வர வேண்டும். ருசியே அந்த முறுகலில்தான் இருக்கிறது. தோசை வார்க்கத் தெரிந்த யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கல் காயாமல் ஊற்றினால் என்ன ஆகும்? அங்கே அதுதான் நடந்தது. மத்தியானக் கூட்டம். ஒரே கல்லில் இருபது உருண்டை. குளிர்ந்த கறியை அடுக்க அடுக்கக் கல் சூடு இறங்குகிறது, கறி தண்ணீர் விடுகிறது, அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிறது. நான் கோழிதான் சொல்லியிருந்தேன். எதிரே நண்பரின் தட்டில் இருந்ததோ அவித்த கறி. தூத்துக்குடி நைட்டுக் கடைகளில் பரோட்டா மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்துச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஈடு போடுவார். வரிசையில் எத்தனை பேர் கத்தினாலும் சரி. இந்தக் கடையில் சமைத்த பையனுக்கு அந்தக் காது இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைக்கு மேலே ஒரு திரையில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பாக மாறுவதற்குள் அனுப்பியாக வேண்டும். அவன் எங்கே கல்லைக் கவனிப்பான்?

அப்புறம் சிப்ஸ். இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் விவரம் தெரியும். மைனஸ் 18 டிகிரியில் வரும் கண்டெய்னர்களோடுதான் என் பொழுது போகிறது. உறைந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் இந்த நாட்டுக்குப் பெல்ஜியத்திலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் மலிவாக வந்து குவிந்து, உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்ற 2016இல் அதற்கு எதிராகத் தனி வரி போட்ட கதையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். உள்ளூரிலேயே உறையவைப்பதும் நிறைய. பேக்டரியில் வெட்டி, லேசாக வேகவைத்து, அரைப் பொரியல் பொரித்து உறையவைத்த சிப்ஸைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். நான்கு மூலையும் ஸ்கேல் வைத்து வெட்டியது மாதிரி, எல்லாம் ஒரே கனம். கையால் வெட்டினால் ஒரு கிழங்கின் இரண்டு முனையும் கூராக, தோல் ஒட்டிய துண்டு நாலைந்து கட்டாயம் வரும். ஆயாவின் பிறந்தநாள் தட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. உறைந்த சிப்ஸ் மட்டமான சாமான் கிடையாது. சரியாகப் பொரித்தால் நன்றாகவே இருக்கும். 'கையால் வெட்டியது' என்று சுவரில் எழுதியதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்த அனுபவம் இன்னும் மோசம். அழகான கெட்டி அட்டைப்பெட்டி, மேலே தங்க எழுத்து, இறுக்கமான மூடி. சூடான பண்டத்தை அப்படி மூடினால் ஆவி எங்கே போகும்? மூடியில் முட்டித் தண்ணீராகி மொறுமொறுப்பின் மேலேயே சொட்டும். வெண்ணெயும் முட்டையும் போட்ட அந்த மெத்தென்ற பன், அரை மணி நேரத்தில் பாலில் நனைத்த ரஸ்க் ஆகிவிடுகிறது. எங்கள் தெரு முனையில் 'ஸ்லப் சிப்ஸ்' விற்கிறார்கள். தடியாக வெட்டிப் பொரித்து, வினிகர் ஊற்றி, காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். அது துவண்டுதான் இருக்கும். பெயருக்கே அதுதான் அர்த்தம். துவண்டதை வாங்கித் துவண்டதைச் சாப்பிடுகிறோம், யாருக்கும் குறையில்லை.

சங்கிலிக் கடை என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாட்டுக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும். நாண்டோஸ் 1987இல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ரோசட்டன்வில்லில் ஒரு சின்னக் கோழிக்கடையில் தொடங்கியதுதான். போர்த்துக்கீசியக் குடியேறிகளும் மொசாம்பிக் மிளகாயும் சேர்ந்து பிறந்த சமையல், இன்று லண்டன்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள். கவுண்டரில் சொல்லிவிட்டு, மேஜையில் பீங்கான் தட்டில் சாப்பிடும் நடுத்தர வகையை நம் ஊரே உருவாக்கிக் காட்டியிருக்கிறது. ஆக, வடிவத்தில் கோளாறு இல்லை. ஃபிரான்சைஸ் எடுத்தவர் விற்பனையில் ஒரு பங்கைத் தலைமையகத்துக்கு ராயல்டியாகக் கட்ட வேண்டும், விளம்பரத்துக்கு இன்னொரு பங்கு, மால் வாடகை வேறு. இவற்றில் எதையும் அவரால் குறைக்க முடியாது. அவர் கைக்குள் இருப்பது இரண்டுதான்: ஆள், அடுப்பு. கூட்டமான நாளில் இரண்டு கல் வேண்டிய இடத்தில் ஒரு கல், ஆறு பேர் வேண்டிய இடத்தில் நான்கு பேர். செம்பு விளக்கு மட்டும் எண்ணிக்கை குறையாது.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் சாட்ஸ்வொர்த்துக்குள் நுழைந்ததும் ஆயா வண்டியை நிறுத்தச் சொன்னார். வழக்கமாக வாங்கும் கடை. ஒரு கால் பீன்ஸ் பன்னி. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பன்றிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வியாபாரிகளைக் குறிக்கும் பனியா என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வெட்டாத வெள்ளை ரொட்டியைக் கால்வாசி அறுத்து, உள்ளே தோண்டிக் குழம்பு ஊற்றி, தோண்டிய ரொட்டியையே மூடியாக வைத்துத் தருவது. கூடவே கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட சம்பல். புரட்டாசி பிறந்தால் அந்தக் கடைக்காரர் பீன்ஸ் சட்டியைத் தனி அடுப்புக்கு மாற்றிவிடுவார், கரண்டிக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அது அவர் போட்ட சட்டம். எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

ஆயா மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, பட்டுப்புடவையில் ஒரு சொட்டு விழாமல், வண்டியிலேயே உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டார். காலையிலிருந்து அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. பேரன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தட்டிக்கொடுத்து, "நல்லா அயர்ன் பண்ணி மடிச்சு வச்ச சட்டைடா அது. உள்ளே தையல் விட்டிருக்கு. நீ என்ன பண்ணுவ?" என்றார்.

நான் அந்த வாரமே தலைமையகத்துக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். தேதி, நேரம், பில் எண், துணுக்குகளின் படம் எல்லாம் வைத்தேன். பணம் கேட்கவில்லை. இலைப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள் என்று மட்டும் கேட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது. எங்கள் கருத்து அவர்களுக்கு முக்கியம் என்றும், இன்னொரு வவுச்சர் இணைத்திருப்பதாகவும். அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த மாதத் தொடக்கத்தில் மெனுவை மறுபடி திறந்து பார்த்தேன். இலை அப்படியே இருக்கிறது.

போன வாரம் பேரன் வந்து, "அண்ணா, இந்த வருஷம் வீட்டிலேயே சமைச்சிடலாமா? இல்லாட்டி எல்லாருக்கும் பன்னி வாங்கிடலாமா?" என்றான். ஆயா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பன்னி எப்ப வேணா சாப்பிடலாம். எனக்குக் கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்து சாப்பிடணும்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

அதனால் மூன்று நாளாக மத்தியான இடைவேளையில் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: இறைச்சி படாத தனி வாணலி இருக்கிறதா? முதல் கடையில் எல்லாமே சுத்தமாகச் செய்கிறோம் என்றார்கள். இரண்டாவது கடையில் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவதில் வெஜ் மெனு இருக்கிறதே என்றார்கள். நேற்று நான்காவதாகப் பேசிய கடையில் ஒரு வயதான குரல், ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை மேஜையில் வைத்தது. பாத்திரச் சத்தமும் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, "தனியா ஒரு வாணலி எடுத்து வைக்கச் சொல்லிட்டேன், எண்ணெயும் புதுசா ஊத்துவாங்க. சிப்ஸ் மட்டும் முடியாது, அதுக்கு ஒரு பொரிப்பான்தான் இருக்கு. என்னைக்கு வர்றீங்க?" என்றார்.

24ஆம் தேதி, மத்தியானம் என்றேன்.

எத்தனை பேர் என்று கேட்டார். ஏழு பேர், ஜன்னல் ஓர மேஜையாக இருந்தால் நல்லது என்றேன்.